சுவருக்கும் காது இருந்த காலம்: ஒரு ஜெர்மானியப் படமும் நமது தோட்டங்களும்

பெடாஸ், லிங்கி, ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு லயத்து வீட்டின் பலகைச் சுவரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். கணவன் மனைவி சண்டை, பிள்ளை அழுகை, வானொலிப் பாட்டு எல்லாம் பொதுச் சொத்து. ஆனால், அரசியல் பேச்சு வந்தால் மட்டும் தாத்தா பாட்டியின் குரல் சட்டென்று தாழ்ந்துவிடும். “மெல்லப் பேசு, சுவருக்கும் காது இருக்கு” என்பார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று நம்மில் பலர் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கும் முழுப் பதில் கிடைத்ததில்லை.

அந்தப் பதிலைத் தேட உதவும் ஒரு படம் இருக்கிறது. அது தமிழ்ப் படமும் இல்லை, மலாய்ப் படமும் இல்லை. 2006-ஆம் ஆண்டு வெளிவந்த ஜெர்மானியப் படம். ‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். ‘மற்றவர்களின் வாழ்க்கை’ என்று தமிழில் சொல்லலாம். புளோரியன் ஹெங்கல் வான் டானர்ஸ்மார்க் என்பவர் இயக்கினார். 2007-ஆம் ஆண்டு சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்திற்கான ஆஸ்கார் விருதை அது வென்றது. இந்தக் கட்டுரை அந்தப் படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, அதே போன்ற கண்காணிப்பு மலாயாவிலும் பின்னர் மலேசியாவிலும் நம் மக்களின் வாழ்க்கையில் எப்படி நுழைந்தது என்பதை விளக்க முயல்கிறது.

பரணில் அமர்ந்து கேட்டவர்

கதை நடப்பது 1984-ஆம் ஆண்டு, கிழக்கு பெர்லினில். ஜெர்மனி அப்போது இரண்டாகப் பிரிந்திருந்தது. கிழக்கு ஜெர்மனியில் ஒரே கட்சியின் ஆட்சி. அந்த ஆட்சியின் கண்ணும் காதும் ‘ஸ்டாசி’ என்ற இரகசியப் போலீஸ்.

கியோர்க் டிரைமான் ஒரு நாடக ஆசிரியர். அரசாங்கத்தை எதிர்க்காதவர், ஆட்சியாளர்களும் அவரை மதிக்கிறார்கள். இருந்தும் அவர் வீட்டில் ஒட்டுக் கேட்கும் கருவிகளைப் பொருத்த உத்தரவு வருகிறது. உண்மைக் காரணம் நாட்டுப் பாதுகாப்பு இல்லை. அவரோடு வாழும் நடிகை கிறிஸ்டா-மரியா மீது ஓர் அமைச்சருக்கு ஆசை. நாடக ஆசிரியரை ஏதாவது ஒரு குற்றத்தில் மாட்டிவிட்டால் வழி சுலபமாகிவிடும்.

வேலை வீஸ்லர் என்ற அதிகாரியிடம் ஒப்படைக்கப்படுகிறது. உல்ரிச் மூஹே அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அவருடைய ஆட்கள் நுழைந்து, சுவருக்குள் கம்பிகளை ஓட்டிவிடுகிறார்கள். எதிர்வீட்டு அம்மாள் கதவுத் துளை வழியே இதைப் பார்த்துவிடுகிறார். வீஸ்லர் அவர் கதவைத் தட்டி, வெளியே சொன்னால் உங்கள் மகள் பல்கலைக்கழக இடத்தை இழப்பாள் என்கிறார். அந்த அம்மாள் வாயை மூடிக்கொள்கிறார். இந்த ஒரு நிமிடக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடி இல்லை, உதை இல்லை. பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

பிறகு வீஸ்லர் அந்தக் கட்டடத்தின் பரணில் அமர்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கீழே நடப்பதையெல்லாம் தட்டச்சு செய்கிறார். கேட்கக் கேட்க அவருக்குள் ஏதோ மாறுகிறது. டிரைமானின் நெருங்கிய நண்பர் ஒருவர், தொழில் செய்யத் தடை விதிக்கப்பட்டதால் தற்கொலை செய்துகொள்கிறார். மனம் உடைந்த டிரைமான், தம் நாட்டில் நடக்கும் தற்கொலைகளைப் பற்றி இரகசியமாகக் கட்டுரை எழுதி மேற்கு ஜெர்மானிய வார இதழுக்கு அனுப்புகிறார். எந்தத் தட்டச்சு இயந்திரத்தில் எழுதப்பட்டது என்பதைப் போலீஸ் கண்டுபிடித்துவிடும் என்பதால், வெளியிலிருந்து கடத்தி வந்த சிறிய இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார். அதில் சிவப்பு மை நாடா மட்டுமே இருக்கிறது. எழுதி முடித்ததும் வாசற்படிப் பலகைக்கு அடியில் ஒளித்துவைக்கிறார்.

வீஸ்லருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அறிக்கையில் அதை எழுதுவதில்லை. நண்பர்கள் கூடி ஒரு நாடகம் எழுதுகிறார்கள் என்று பொய்க்கணக்குக் காட்டுகிறார். அதற்குப் பின் யார் காட்டிக்கொடுக்கிறார், யார் உயிரை இழக்கிறார் என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

படத்தின் முக்கியமான பகுதி பெர்லின் சுவர் இடிந்த பிறகு வருகிறது. தம் வீடு ஒட்டுக் கேட்கப்பட்டது என்பது டிரைமானுக்கு அப்போதுதான் தெரிகிறது. விளக்குப் பொத்தானுக்குப் பின்னால் இருந்த கம்பியை இழுக்கிறார், அது சுவர் முழுக்க ஓடிக்கொண்டே வருகிறது. பின்னர் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய்த் தம்மைப் பற்றிய கோப்புகளைக் கேட்கிறார். தள்ளுவண்டியில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவற்றைப் படிக்கும்போதுதான், முகம் தெரியாத ஒருவர் தம்மைக் காப்பாற்றியிருக்கிறார் என்று புரிகிறது.

படத்தில் உண்மை எவ்வளவு?

ஸ்டாசி கற்பனை இல்லை. 1950-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தத் துறையில், 1989-ஆம் ஆண்டில் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தனர். அவர்களைத் தவிர, அக்கம்பக்கத்தார், உடன் வேலை செய்வோர், நண்பர்கள் என்ற போர்வையில் இரகசியத் தகவல் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 189,000 பேர். நாட்டின் மக்கள் தொகையோ சுமார் 1 கோடி 60 இலட்சம். ஆக, ஒட்டுக் கேட்கும் கருவியைவிட மனிதர்களின் வாயைத்தான் அந்த அமைப்பு அதிகம் நம்பியது. படத்தின் தொடக்கத்தில் விசாரணைக்கு உட்பட்டவர் அமர்ந்திருந்த நாற்காலித் துணியைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைப்பார்கள், பின்னர் மோப்ப நாய்க்குக் கொடுப்பதற்காக. அதுவும் உண்மையில் நடந்ததே.

உண்மையோடு ஒத்துப்போகாதது வீஸ்லரின் மனமாற்றம். இப்படி ஒருவரைக் காப்பாற்றிய ஸ்டாசி அதிகாரி எவரும் இருந்ததாகத் தெரியவில்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் குறை கூறினர். பெர்லினில் உள்ள பழைய ஸ்டாசி சிறைச்சாலை இப்போது நினைவகம். அங்கே படமெடுக்க அதன் இயக்குநர் ஹுபெர்ட்டஸ் நாபே அனுமதி மறுத்தார். வேவு பார்த்தவனைக் கதாநாயகனாக்குவது பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. நல்ல அதிகாரி வருவார், நம்மைக் காப்பாற்றுவார் என்று நம்பி எந்தச் சமுதாயமும் உட்கார்ந்திருக்க முடியாது.

மலாயாவில் ‘அவசர காலம்’

இப்போது நம் பக்கம் வருவோம். 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி பேராக், சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18-ஆம் தேதி மலாயா முழுவதும் அவசர காலம் பிரகடனம் செய்யப்பட்டது. அது 1960-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. நம் முதியவர்கள் ‘கம்யூனிஸ்டுக் காலம்’ என்று சொல்வது இதைத்தான்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் வெளியே இருந்த பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கும் நடந்த இந்தப் போரில் தோட்டம்தான் களம். இரவில் வந்தவர்கள் அரிசியும் பணமும் கேட்டார்கள், இரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், கங்காணிகளையும் கிராணிகளையும்கூடக் கொன்றார்கள். பகலில் வந்தவர்கள் இரவில் வந்தது யார் என்று கேட்டார்கள். பதில் சொன்னால் ஓர் ஆபத்து, சொல்லாவிட்டால் இன்னோர் ஆபத்து. பால்மரம் வெட்டியவர் நடுவில் நின்றார்.

ஆயுதம் ஏந்திய ஒரு கூட்டத்தை எதிர்கொள்ளும் அரசாங்கத்துக்குத் தகவல் தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தகவல் எப்படிச் சேகரிக்கப்பட்டது, அது சாதாரண மக்களின் வாழ்க்கையை என்ன செய்தது என்பது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

முதல் ஏற்பாடு அடையாள அட்டை. இன்று வங்கிக்கும் மருத்துவமனைக்கும் எடுத்துச் செல்லும் ஐ.சி. பிறந்தது அவசர காலத்தில்தான். 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிந்துகொள்ள வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு சட்டம் வந்தது. படமும் கட்டைவிரல் ரேகையும் கொண்ட காகித அட்டை அது. அட்டை இல்லாதவர் மீது சந்தேகம் விழும்.

இரண்டாவது, முள்வேலி. சுமார் 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக் கிராமங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்கள் சுமார் 6 இலட்சம் பேர் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆங்காங்கே சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டன. வாசலில் காவல், இரவில் ஊரடங்கு.

மூன்றாவது, சோறு. காட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டுப் பிடிப்பது என்று 1951-ஆம் ஆண்டு முடிவானது. அரிசிக்குப் பங்கீடு. கடையில் தகர டப்பா விற்றால் அதைத் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும், சேர்த்துவைக்க முடியாதபடி. அதிகாலையில் பால் வெட்டப் போகிறவர்கள் பசியாற எதையும் கட்டிக்கொண்டு போக முடியாது. வாசலில் உடலைத் தடவிச் சோதிப்பார்கள். பெண்களும் அதற்கு விதிவிலக்கு இல்லை. கையிலிருக்கும் தூக்குச் சட்டியில் என்ன இருக்கிறது என்பது நாட்டுப் பாதுகாப்பு விஷயமாகிவிட்டது.

தஞ்சோங் மாலிம் கடிதப் பெட்டிகள்

நான்காவது ஏற்பாடு, மக்களையே மக்களைப் பற்றிச் சொல்ல வைப்பது. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு பேராக்கின் தஞ்சோங் மாலிம்.

1952-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்த ஊருக்கு அருகில் நடந்த பதுங்குத் தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டனர். அப்போதுதான் பதவியேற்றிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெனரல் ஜெரால்டு டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊருக்கே தண்டனை விதித்தார். நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு, அரிசிப் பங்கீட்டில் வெட்டு. பிறகு வீடு வீடாகக் கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. தெரிந்ததை எழுத வேண்டும், பெயர் போட வேண்டியதில்லை. நிரப்பிய தாள்கள் பூட்டிய பெட்டிகளில் சேகரிக்கப்பட்டு, ஊர்ப் பிரதிநிதிகள் முன்னிலையில் கோலாலம்பூரில் திறக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து பலர் கைது செய்யப்பட்டனர்.

பூட்டிய பெட்டி, பெயரில்லாத கடிதம். எழுதியவர் உண்மையைத்தான் எழுதினாரா, பழைய பகையைத் தீர்த்துக்கொண்டாரா? குற்றம் சாட்டப்பட்டவருக்கு எழுதியவரைக் கேட்க வழி கிடையாது. இதுதான் இரகசியத் தகவலின் அடிப்படைக் கோளாறு. பெர்லினிலும் அதுதான், தஞ்சோங் மாலிமிலும் அதுதான்.

சில இடங்களில் தகவலாளி மறைவில் அமர்ந்திருப்பார், மக்கள் வரிசையாக நடந்து போக வேண்டும். அவர் யாரைக் காட்டுகிறாரோ அவர் தனியே அழைத்துச் செல்லப்படுவார். அவசர காலத்தில் விசாரணையின்றி நீண்ட நாள் தடுத்து வைக்கப்பட்டவர்கள் முப்பதாயிரத்துக்கும் அதிகம்.

இந்தத் தகவல்களையெல்லாம் திரட்டியது போலீசின் ஸ்பெஷல் பிராஞ்ச், நாம் சொல்லும் ‘எஸ்.பி.’. மலாயா பாதுகாப்புச் சேவை என்ற பழைய அமைப்பு கலைக்கப்பட்டு, 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்தப் பொறுப்பு இதனிடம் வந்தது. ஊடுருவல் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரே சான்று போதும். மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளராகவே இருந்த லாய் தெக், பிரிட்டிஷாரின் உளவாளி. ஜப்பானியர் வந்தபோது அவர்களுக்கும் காட்டிக்கொடுத்தார். 1942-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி பத்துமலை அருகே கூடிய அவருடைய தோழர்கள் பலர் ஜப்பானியரால் கொல்லப்பட்டனர். 1947-ஆம் ஆண்டு குட்டு வெளிப்படும் நேரத்தில் கட்சிப் பணத்தோடு ஓடிவிட்டார்.

சங்கம் என்ற சொல்லே பயமானது

நம் சமுதாயத்துக்கு இந்தக் காலம் விட்டுச்சென்ற பெரிய காயம் தொழிற்சங்கத்தில் விழுந்தது. போருக்குப் பின் கூலி உயர்வுக்காகத் தோட்டத் தொழிலாளர்கள் திரண்டார்கள். அவர்களை இணைத்த பெரிய அமைப்பு அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம். அதன் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ.கணபதி, இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அவசர காலத்துக்குச் சில நாள்களுக்கு முன், சம்மேளனம் தடை செய்யப்பட்டது. 1949-ஆம் ஆண்டு ரவாங் வட்டாரத்தில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்ட கணபதிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசாங்கம் தலையிட்டும் பலன் இல்லை. மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

கணபதியின் வழி சரியா தவறா என்பதில் இன்றும் இருவேறு கருத்து உண்டு. தோட்டத்தில் அது ஏற்படுத்திய விளைவில் ஐயமில்லை. சங்கம் என்று வாயைத் திறந்தால் கயிறு வரை போகும் என்ற பயம் லயத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 1954-ஆம் ஆண்டு பி.பி.நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, சட்ட வழியில் கூலிக்காகப் பேசியது. அதற்குப் பிறகும் மண்டோருக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்வதற்குமுன் சுற்றும் முற்றும் பார்க்கும் பழக்கம் நம்மவரை விட்டுப் போகவில்லை.

அவசர காலம் முடிந்தது, சட்டம் மாறியது

1960-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி அவசர காலம் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ‘இசா’ என்று நாம் சொல்லும் சட்டம் இதுதான். போலீஸ் ஒருவரை 60 நாள் வரை விசாரணைக்காகத் தடுத்து வைக்கலாம். பிறகு அமைச்சர் கையெழுத்திட்டால் நீதிமன்றம் போகாமலேயே இரண்டு ஆண்டு. அது முடிந்ததும் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். எத்தனை முறை என்பதற்கு வரம்பு இல்லை. தைப்பிங் அருகே உள்ள கமுந்திங் தடுப்பு முகாம் இதனால்தான் நாடறிந்த பெயரானது.

1987-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி தொடங்கிய நடவடிக்கைக்கு ‘ஓப்பராசி லாலாங்’ என்று பெயர். நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். கர்ப்பால் சிங், பி.பட்டு, டாக்டர் வி.டேவிட் ஆகியோர் அவர்களில் சிலர். மூன்று நாளிதழ்களின் உரிமம் பறிக்கப்பட்டது. லாலான் புல் எப்படிப்பட்டது என்று தோட்டத்து மக்களுக்குத் தெரியும். வெட்ட வெட்ட முளைக்கும். மனிதர்களைப் பிடிக்கும் நடவடிக்கைக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்களோ, அவர்கள் மரத்தடியில் லாலான் வெட்டியிருக்க மாட்டார்கள்.

2007-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் நடந்த ஹிண்ட்ராஃப் பேரணியை நம்மில் பலர் நேரில் பார்த்தவர்கள். டிசம்பர் 13-ஆம் தேதி பி.உதயகுமார், எம்.மனோகரன், வி.கணபதிராவ், ஆர்.கெங்காதரன், கே.வசந்தகுமார் ஆகிய ஐவரும் இசா சட்டத்தில் கமுந்திங்கிற்கு அனுப்பப்பட்டனர். மனோகரன் முகாமுக்குள் இருந்தபடியே 2008-ஆம் ஆண்டுத் தேர்தலில் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். ஐவரும் 2009-ஆம் ஆண்டில் விடுவிக்கப்பட்டனர்.

2012-ஆம் ஆண்டு இசா இரத்தானது. அதன் இடத்தில் ‘சொஸ்மா’ வந்தது. இதில் அமைச்சர் உத்தரவில் ஆண்டுக்கணக்காகத் தடுத்து வைக்கும் முறை இல்லை. வழக்குப் போட்டாக வேண்டும். இது முன்னேற்றம்தான். ஆனால் 2012-ஆம் ஆண்டு வந்த வடிவில் மூன்று விஷயங்கள் கவலைக்குரியவை. விசாரணைக்கு 28 நாள் வரை காவலில் வைக்கலாம். வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். குற்றம் சாட்டப்பட்ட பிறகும் பெண்கள், 18 வயதுக்குட்பட்டோர், நோயாளிகள் தவிர மற்றவர்களுக்கு ஜாமீன் கிடையாது. இவற்றோடு, அரசாங்கத் தலைமை வழக்கறிஞரின் அனுமதியுடன் கடிதத்தைப் பிரிக்கவும் தொலைபேசிப் பேச்சைக் கேட்கவும் அதில் இடமுண்டு. மிக அவசரம் என்றால் உயர் போலீஸ் அதிகாரியே முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு தெரிவிக்கலாம். வீஸ்லரின் பரணுக்கு இன்று சட்டத்தில் இருக்கும் வாசல் இதுதான்.

இது எங்கோ நடக்கும் கதை என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு அக்டோபரில், விடுதலைப் புலிகள் இயக்கத்துடன் தொடர்பு என்ற பேரில் 12 பேர் சொஸ்மாவில் கைதாயினர். அவர்களில் ஒருவர் நம் மாநிலத்தின் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி.குணசேகரன். இன்னொருவர் மலாக்கா, காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி.சாமிநாதன். கைத்தொலைபேசியிலும் முகநூலிலும் இருந்த படங்களும் பதிவுகளும் அவர்களுக்கு எதிரான ஆதாரத்தில் அடங்கும். நான்கு மாதங்களுக்குப் பிறகு, 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் வழக்குகளை மீட்டுக்கொண்டார். ஒருவரை வீரராக நினைத்து அவர் படத்தை வைத்திருப்பது மட்டுமே ஒருவரைப் பயங்கரவாதியாக்கிவிடாது என்பது அவர் விளக்கத்தின் சாரம். வழக்கு முடிந்தது. தீபாவளியைச் சிறையில் கழித்த குடும்பங்களுக்கு அந்த நான்கு மாதத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

கோப்பைக் கேட்கும் உரிமை

கிழக்கு ஜெர்மனியையும் நம் நாட்டையும் ஒன்றென்று சொல்வது தவறு. இங்கே தேர்தல் நடக்கிறது, ஆட்சி மாறியிருக்கிறது, நீதிமன்றத்தில் வாதாட முடிகிறது. இந்தக் கட்டுரையை எழுத முடிவதே அந்த வேறுபாட்டுக்குச் சான்று. ஆனால் ஒரு விஷயத்தில் ஜெர்மனியிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

1990-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பெர்லின் மக்கள் ஸ்டாசி தலைமையகத்துக்குள் புகுந்தார்கள். அதிகாரிகள் கிழித்துப்போட்டிருந்த காகிதங்களே ஏறக்குறைய 16,000 சாக்குகள். எஞ்சிய கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளம் வரும். அவற்றை எரித்துவிடலாம், பழைய பகை எதற்கு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நாடாளுமன்றம் கேட்கவில்லை. 1991-ஆம் ஆண்டு இறுதியில் சட்டம் இயற்றி, ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய கோப்பைத் தாமே படிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இதுவரை முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. சிலர் தம் உயிர் நண்பரின் பெயரை அதில் கண்டு உடைந்துபோனார்கள். சிலர் நண்பர்மேல் வைத்திருந்த வீண் சந்தேகத்தை நீக்கிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட சட்டம் நம் நாட்டில் இல்லை. 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் பெரும்பாலான கோப்புகளைப் பூட்டியே வைத்திருக்கிறது. பிரிட்டிஷார் வெளியேறும்போது மலாயாவிலிருந்து எடுத்துச் சென்ற கோப்புகளில் ஒரு பகுதி, பல ஆண்டுகள் மறைத்து வைக்கப்பட்டு, 2012-ஆம் ஆண்டிலிருந்து இலண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டது. நம் தோட்டத்துக் கதையின் காகிதங்களைத் தேடி இலண்டனுக்குப் போக வேண்டிய நிலை.

படமெடுப்பதிலும் அதே தயக்கம். ஜெர்மானியப் படம் வெளிவந்த அதே 2006-ஆம் ஆண்டில், சின் பெங்கைப் பற்றி அமீர் முகமட் இயக்கிய ‘லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்’ என்ற ஆவணப்படம் தணிக்கையைத் தாண்டிய பிறகு தடை செய்யப்பட்டது. அவர்கள் தங்கள் இருண்ட காலத்தைப் படமாக்கி ஆஸ்கார் வாங்கினார்கள். நாம் நம்முடையதைத் திரையில் பார்க்கவே முடியவில்லை.

நம் கையில் இருப்பது

கோப்பு நம் கையில் இல்லை. ஆனால் கோப்பில் எழுதப்பட்டவர்களும், அவர்களின் பிள்ளைகளும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டில் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் தாமான்களுக்குச் சிதறிவிட்டார்கள். இன்னும் பத்தாண்டு போனால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

செய்யக்கூடியவை எளிமையானவை. வீட்டில் முதியவர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காருங்கள். “தாத்தா, உங்களைப் பிடிச்சாங்களா?” என்று தொடங்காதீர்கள், பழைய பயம் வாயை அடைத்துவிடும். “பாட்டி, அப்போ பால் வெட்டப் போகும்போது எப்படிப் பசியாறுனீங்க?” என்று கேளுங்கள். சோற்றிலிருந்து தொடங்கினால் வேலி வரும், வேலியிலிருந்து வாசல் சோதனை வரும், அங்கிருந்து ஆட்கள் வருவார்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். தகரப் பெட்டியில் பழைய அடையாள அட்டையோ பங்கீட்டுச் சீட்டோ கிடைத்தால் தூக்கிப் போடாமல் படம் பிடித்து வையுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இன்னார் அப்போது காட்டிக்கொடுத்தார் என்று ஒரு பெயர் வந்தால், அதை ஊர் முழுக்கப் பரப்ப வேண்டாம். பூட்டிய பெட்டியில் பெயரில்லாத கடிதம் போட்டவருக்கும் நமக்கும் வேறுபாடு இருக்க வேண்டும். அன்று பலரும் விருப்பத்தோடு சொல்லவில்லை. படத்தில் எதிர்வீட்டு அம்மாளிடம் மகளின் படிப்பைக் காட்டி மிரட்டியதுபோல, இங்கும் ஒருவரிடம் அரிசியைக் காட்டியிருக்கலாம், இன்னொருவரிடம் பிள்ளையைக் காட்டியிருக்கலாம். பேச வைத்த முறை என்ன என்பதை நாம் தெரிந்துகொண்டால், அடுத்த முறை அது வேறு பெயரில் வரும்போது அடையாளம் காண முடியும்.

வாய்ப்புக் கிடைத்தால் ‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ படத்தைக் குடும்பத்தோடு, ஆனால் வளர்ந்த பிள்ளைகளோடு மட்டும் பாருங்கள். சில காட்சிகள் சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல. கடைசிக் காட்சி ஒரு புத்தகக் கடையில் நடக்கிறது, அதை இங்கே சொல்லவில்லை. படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வீட்டின் மூத்தவரைப் பேச விடுங்கள். இந்த முறை மெல்லப் பேசச் சொல்லாதீர்கள்.